தன்மைக் கூற்றும் திரைமுகமும்: ஷைலீன் வுட்லியின் இளையோர் நாவல் படங்கள்

அமெரிக்க இளையோர் நாவல்களில் கணிசமானவை, பதின்பருவப் பாத்திரம் ஒன்று தன் கதையைத் தானே சொல்லும் தன்மைக் கூற்றில் அமைந்தவை. நடப்பவற்றை அப்பாத்திரம் எப்படி உணர்கிறது என்பதே வாசகரை இழுத்துச் செல்கிறது. கேமராவோ எவரையும் வெளியிலிருந்துதான் பார்க்கும். ஆகவே, கதைசொல்லியின் அகம் திரையில் எதன் வழியே புலப்படும் என்பதே தழுவலின் முதல் சிக்கல். 2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஷைலீன் வுட்லி (பிறப்பு 1991) நடித்து வெளிவந்த மூன்று படங்கள் இதற்கு மூன்று விதமாக விடை தருகின்றன. அகத்தைச் சொல்லும் பொறுப்பை நடிகரிடம் ஒப்படைத்த அளவுக்கே இத்தழுவல்கள் வலுப்பெறுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

டிம் தார்ப் 2008இல் எழுதிய 'தி ஸ்பெக்டாகுலர் நவ்' நாவலை 2013இல் ஜேம்ஸ் பான்சோல்ட் இயக்கினார். கதையைச் சொல்பவன் சட்டர் என்ற குடிகார மாணவன்; வுட்லி ஏற்ற எய்மீ, அவன் கண்ணுக்குத் தெரிந்த அளவே வாசகருக்குத் தெரிபவள். படம் இந்தச் சமநிலையை மாற்றுகிறது. நாவலில் எய்மீயைத் தன்னிடமிருந்து அனுப்பிவிட்டு மதுவுக்கே திரும்பும் சட்டர், படத்தில் அவள் படிக்கும் ஊருக்குத் தேடிச் செல்கிறான். இறுதிக் காட்சியில் கேமரா எய்மீயின் முகத்தில் நிலைக்கிறது. மன்னிப்பா, மறுப்பா என்று அம்முகம் காட்டிக்கொடுப்பதில்லை. முடிவைச் சொல்லும் உரிமை கதைசொல்லியிடமிருந்து அவளுக்குக் கைமாறுகிறது. வுட்லிக்கும் உடன் நடித்த மைல்ஸ் டெல்லருக்கும் சன்டான்ஸ் விழாவில் நடிப்புக்கான நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) நாயகி டிரிஸ் தன் கதையை நிகழ்காலத்தில் சொல்கிறாள். நீல் பர்கரின் படத்தில் (2014) அவளது பின்னணிக் குரல் ஐந்து பிரிவுகளாகப் பிளவுண்ட சிகாகோவை விளக்கவே முதலில் பயன்படுகிறது. அச்சங்களைச் சோதிக்கும் மாயக்காட்சிகளில்தான் அகம் திறக்கிறது. நீர் நிரம்பும் கண்ணாடித் தொட்டிக்குள் சிக்கிய டிரிஸ், இது உண்மையல்ல என்று உணர்ந்து கண்ணாடியை விரலால் தட்டுகிறாள், அது நொறுங்குகிறது. பதற்றம் தெளிவாக மாறும் அக்கணம் முழுக்க நடிப்பால் ஆனது. ஆனால் படத்தின் பெரும்பகுதி பயிற்சிக்கும் சண்டைக்கும் போய்விடுகிறது.

அதே ஆண்டில் ஜோஷ் பூன் இயக்கிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்', ஜான் கிரீனின் 2012ஆம் ஆண்டு நாவலின் தழுவல். 'தி ஸ்பெக்டாகுலர் நவ்' படத்தின் திரைக்கதையாசிரியர்களான ஸ்காட் நியூஸ்டாட்டரும் மைக்கேல் வெபரும்தான் இதையும் எழுதினர். புற்றுநோயாளியான ஹேசலின் பின்னணிக் குரல் உண்டு என்றாலும், கதையைத் தாங்குவது அவள் உடல். மூக்கிலிருந்து இறங்கும் ஆக்சிஜன் குழாய் ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்தின் செங்குத்தான படிகளில் அவள் மூச்சிரைக்க ஏறும்போது, நாவலில் அவள் வாய்விட்டுச் சொல்லும் பிடிவாதத்தை வுட்லியின் மூச்சே உணர்த்திவிடுகிறது. சுமார் 1.2 கோடி டாலரில் உருவான இப்படம் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இதைப்போல ஏழு மடங்கு செலவில் எடுக்கப்பட்ட 'டைவர்ஜென்ட்' சுமார் 28.8 கோடியில் நின்றது.

டைவர்ஜென்ட் வரிசையின் பிற்பகுதி இதே வாதத்தை எதிர்த்திசையிலிருந்து உறுதிசெய்கிறது. மூன்றாம் நாவலான 'அலீஜியன்ட்' (2013) டிரிஸ், அவள் காதலன் டோபயஸ் இருவரின் குரலில் மாறிமாறி நகர்கிறது. டிரிஸ் இறந்துவிடுவதால் எஞ்சியதைச் சொல்ல இன்னொரு குரல் தேவைப்படுகிறது; வடிவமும் முடிவும் ஒன்றையொன்று சார்ந்தவை. தயாரிப்புத் தரப்போ, அன்றைய வணிக வழக்கப்படி அந்நாவலை இரண்டு படங்களாகப் பிரித்தது. 2016இல் வெளிவந்த முதல் பாதி சுமார் 17.9 கோடி டாலரோடு சரிந்தது. இறுதிப் படம் எடுக்கப்படவே இல்லை. இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் கதைகள் அடுத்தடுத்து வந்து பார்வையாளருக்குச் சலித்துப்போனதும் இச்சரிவுக்குக் காரணம். எனினும் அச்சலிப்பு மட்டும் முழு விளக்கமாகாது. டிரிஸின் மரணத்தை நோக்கிக் கட்டப்பட்ட கதை அம்மரணத்தைத் தள்ளிவைத்தபோது, வுட்லிக்கு நடிக்க ஓட்டமும் துரத்தலுமே மிஞ்சின.

மூன்று படங்களிலும் நடிகர் ஒருவரே; இரண்டில் திரைக்கதையாசிரியர்களும் அவர்களே. எனவே வேறுபாட்டைத் திறமையில் தேட முடியாது. பின்னணிக் குரலை வைத்துக்கொள்வதால் மட்டும் தன்மைக் கூற்று திரைக்கு வந்துவிடுவதில்லை. முகத்துக்கும் மூச்சுக்கும் போதிய நேரம் ஒதுக்கும் திரைக்கதையே அதைக் கொண்டுவருகிறது.