சில்லறைக் காசில் தர்மசக்கரம்: நாணயத்தில் மதச் சின்னம் தேவையா?

பையில் இருக்கும் பத்து ரூபாக் குற்றி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அரச இலச்சினை இருக்கும். நடுவில் வாளேந்திய சிங்கம், சுற்றிலும் தாமரை இதழ்கள், கீழே கலசம், உச்சியில் தர்மசக்கரம். 1972இல் நாடு குடியரசானபோது வந்த இலச்சினை இது. மீன் வாங்கும்போதும், பஸ்ஸுக்குக் கொடுக்கும்போதும், பள்ளிவாசல் உண்டியலில் போடும்போதும் அந்தச் சக்கரம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதை ஒரு பிரச்சினையாக நினைத்ததில்லை.

ஆனால் 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவரது ஆடையில் இருந்தது தர்மசக்கரம் என்பதே குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். துறைமுக ஊரான திருகோணமலையில் சிறுபிள்ளையும் அடையாளம் காணக்கூடிய படம். அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். சிவில், அரசியல் உரிமைகளைப் பாதுகாக்க 2007இல் வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டமே அவர் மீது பாய்ந்தது.

அரசே எல்லோர் கையிலும் கொடுக்கும் ஒரு சின்னம், ஒரு பெண்ணின் ஆடையில் இருப்பதாகச் சந்தேகம் வந்ததும் குற்றமாகிவிடுமா? நாணயத்தில் மதச் சின்னங்களும் மத வாசகங்களும் இருக்கலாமா என்ற கேள்வியை நம் நாட்டில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது புதிய வழக்கமல்ல. இஸ்லாமிய வரலாற்றிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. ஆரம்பத்தில் முஸ்லிம்கள் பைசாந்திய, பாரசீக நாணயங்களையே புழங்கினார்கள். உமையா கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) உருவங்களை நீக்கி, கலிமாவும் குர்ஆன் வசனங்களும் பொறித்த தீனாரை வெளியிட்டார். கூடவே வேறொரு கேள்வியும் வந்தது. இறைவசனம் உள்ள காசை வுழூ இன்றித் தொடலாமா? ஷாபிஈ மத்ஹப் நூல்கள் உட்பட பிக்ஹு நூல்கள் இதைப் பேசியிருக்கின்றன. மக்களின் அன்றாடத் தேவை கருதிச் சலுகையும் தரப்பட்டது. புனிதமானதைச் சந்தைக்குள் கொண்டுவந்தால், அதற்குரிய மரியாதையில் தளர்வு செய்யாமல் காலம் தள்ள முடியாது என்பதையே இது காட்டுகிறது.

நமது தீவிலும் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தி உருவமும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள். 1957இல் பௌத்தத்தின் 2500 ஆண்டு நிறைவுக்கு இலங்கை ஞாபகார்த்த நாணயங்களை வெளியிட்டது. 2018இல் சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டுக்கென வந்த ஆயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாளில் விகாரை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய நான்கும் இடம்பெற்றன.

வாசகம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அமெரிக்க டொலர்தான். 'இறைவனில் நாம் நம்பிக்கை வைக்கிறோம்' என்ற வாசகம் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல் இரண்டு சத நாணயத்தில் முதலில் வந்தது. 1907இல் புதிய தங்க நாணயங்கள் அது இல்லாமலே வெளிவந்தன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மதத்தை வெறுத்தவர் அல்லர். காசில் இறைவனின் பெயரைப் போடுவது அவமதிப்புக்கு நெருக்கமானது என்பதே அவரது வாதம். மக்கள் எதிர்த்தார்கள், 1908இல் காங்கிரஸ் வாசகத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் நடந்த 1955இல் எல்லா நாணயங்களுக்கும் தாள்களுக்கும் அது சட்டமானது. போரும் பயமும் வரும்போதுதான் அரசுகளுக்குக் காசில் இறைவனின் பெயர் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

சின்னம் இருக்கட்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. நாணயம் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்கிறது. பெரும்பான்மையினரின் பண்பாட்டை அதிலிருந்து பிரிக்க முடியாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியா 1998இல் 20,000 ரூபியா தாளில் கணேசரின் உருவத்தை அச்சிட்டது. அதனால் அங்கு யாருடைய ஈமானும் குறைந்துவிடவில்லை. நமது காசில் உள்ள தர்மசக்கரத்தாலும் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதை நீக்கச் சொல்லிக் கேட்பது நமது வேலையல்ல.

நமது சின்னத்தையும் சேர்க்கச் சொல்வதும் நமது வேலையல்ல. 786 என்ற இலக்கம் உள்ள தாளைச் செலவழிக்காமல் பத்திரப்படுத்தும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. அந்த இலக்கம் வட்டிப் பணத்தை ஹலாலாக்காது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கக் குர்ஆனில் 'அல்முதஃப்பிஃபீன்' என்ற ஓர் அத்தியாயமே இருக்கிறது. காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதையே மார்க்கம் கேட்கிறது.

நாம் கேட்க வேண்டியது வேறொன்று. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்திற்கு முதன்மைத் தானம் தருகிறது. அதே உறுப்புரை, 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் மற்றவர்களுக்குத் தரும் மத உரிமைகளையும் காப்பாற்றச் சொல்கிறது. முதற்பாதி காசில் தெரிகிறது. இரண்டாம் பாதி பொலிஸ் நிலையத்தில் தெரிய வேண்டும். 2005 மே மாதம் திருகோணமலை பஸ் நிலையத்தருகே வைக்கப்பட்ட புத்தர் சிலை ஹர்த்தாலிலும் பதற்றத்திலும் முடிந்ததை இங்குள்ள மூன்று சமூகங்களும் மறக்கவில்லை. அன்று சண்டை புத்தரின் போதனை பற்றியதல்ல. பொதுவான இடம் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியது. நாணயமும் பொதுவான இடம்தான்.

2011இல் புழக்கத்துக்கு வந்த நாணயத்தாள்களில் இந்தத் தீவின் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எந்தச் சமூகமும் தன்னை அந்நியமாக உணரவில்லை. இனி வடிவமைக்கப்படும் நாணயங்களுக்கு அந்த வழி போதும். இலச்சினை இருக்கிறபடியே இருக்கட்டும். ஆனால் எல்லோர் கையிலும் அரசு கொடுத்திருக்கும் சின்னத்தைக் காரணம் காட்டி இன்னொரு பெண்ணைச் சிறைக்கு அனுப்ப ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் பயன்படக் கூடாது. அதற்கான தெளிவான வழிகாட்டலைப் பொலிஸாருக்குக் கொடுக்கும்படி நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் சிவில் அமைப்புகளும் கேட்க வேண்டும்.