நுவரெலியாவின் மரச்சட்டக் கட்டடங்கள்

நுவரெலியா நகரிற் புகுவோரின் கண்ணைக் கவர்வன, வெண்சுவரிற் கருமரச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் பழைய கட்டடங்கள். இக்கோலத்தின் தாயகம் இங்கிலாந்து.

அங்குள்ள செஸ்டர் நகரின் அடுக்குக் கடைவீதி 13ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. தெருவோரத்தில் ஒரு கடை; அதன்மேல் நடைபாதையுடன் மற்றொரு கடை; அதற்கும் மேலே வணிகர் இல்லம். இத்தகைய வீடுகளை அமைப்போர் ஓக் மரத் தூண்களையும் உத்தரங்களையும் இணைத்து, மர ஆணி அறைந்து, முதலிற் சட்டகத்தை நிறுத்துவர். பின்னர், நம் நாட்டு வரிச்சுச் சுவர் போல, இடைவெளிகளை மிலாறும் மண்ணும் கொண்டு அடைப்பர். பாரத்தைத் தாங்குவது மரம். சுவர் மறைப்பு மட்டுமே.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் நுவரெலியாவிற் கட்டிய இல்லமே பின்னாளிற் கிராண்ட் ஹோட்டலாக விரிந்தது. 1885இல் புகைவண்டி நானுஓயாவை எட்டியது. 1894இல் செங்கல்லால் அஞ்சல் நிலையம் எழுந்தது. தாயகத்தை நினைந்த ஆங்கிலேயர் பழைய பாணியைப் புதுப்பித்தபோது, பல கட்டடங்களிற் சுமையைத் தாங்கியது கற்சுவரே, மரம் அணியாயிற்று.

நகரை வளர்த்த செல்வமோ தேயிலையில் விளைந்தது. அதனைப் பறித்த தமிழ்த் தொழிலாளர்க்குத் தோட்டங்களிற் கிடைத்தது லயன்: குடும்பத்துக்கு ஓர் அறை, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி.

சுமையைத் தாங்குவது எது, அழகுக்கு ஒட்டியது எது எனப் பகுத்தறிவதே கட்டடக்கலையின் முதற்பாடம். மலையக வரலாற்றுக்கும் அது பொருந்தும். ஆதலின், ஹோட்டலையும் அஞ்சல் நிலையத்தையும் பேணுவோர், பழைய லயன்களையும் அவை இடிந்தழியுமுன் அளந்து பதிவுசெய்தல் வேண்டும்.