நேட்டால் தமிழரும் ஊரிலுள்ள கிளைஞரும்

குடிவழி ஆராய்ச்சி மறைந்தாரைப் பற்றியது என்றே பலரும் கருதுவர். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வரும் பெயர்களை ஆராய்வோர் அப்பெயருடையாரிடம் இசைவு பெற வேண்டுவதில்லை. ஆனால் கடல் கடந்து சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் ஊரைத் தேடுங்கால், அத்தேடல் முடிவில் உயிரோடிருக்கும் ஒரு குடும்பத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது. அவ்வாயிலை அடையும் வழி யாது, அங்குக் கடைப்பிடிக்கத் தக்க நெறி யாது என்பவற்றை நேட்டால் தமிழரைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதற் கப்பலாகிய ‘ட்ரூரோ’, சென்னையினின்று புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911இல் அம்முறை நிறுத்தப்பெறும் வரை 1,52,184 பேர் சென்றனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையிற் கப்பலேறியவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் ஆகியன அவ்வெண்ணின்கீழ்க் கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. கங்காணி முறையில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோர்க்கு இத்துணை விரிவான தனியாட் பதிவு கிடைத்தல் அரிது.

எனினும், பட்டியல் ஊர்வரை கொண்டு செல்லுமேயன்றி வீடுவரை கொண்டு செல்லாது. ஊரை அடைவதிலும் இடர் உண்டு. தமிழ் ஊர்ப்பெயர்களை எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு ஆங்கில எழுத்தில் எழுதினர். மாவட்ட எல்லைகளும் மாறின. பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திற் சேர்ந்து இன்று ஆந்திரத்தில் உள்ளது. எஞ்சிய பகுதி 1989இல் இரண்டாகப் பிரிந்தது. ஆதலின் ‘வட ஆர்க்காடு’ என்னும் பதிவைக் கண்டவுடன் வேலூரைச் சுற்றி மட்டும் தேடுதல் தவறாகும்.

அடுத்த இடர் பெயரைப் பற்றியது. ‘முனுசாமி, தந்தை பெருமாள், அகவை 22’ என ஒரு பதிவு உளதாகக் கொள்வோம். நேட்டாலில் முனுசாமி என்னும் தனிப்பெயரே குடிப்பெயராய் இறுகி, இன்றுவரை அக்குடும்பத்தார் அனைவர்க்கும் வழங்கும். ஊரில் நின்ற தம்பியின் வழியிலோ தந்தை பெயரே முன்னெழுத்தாதலின், அது தலைமுறைதோறும் மாறும். ஆகவே முனுசாமி என்னும் குடிப்பெயரைக் கொண்டு ஊரிற் கிளைஞரைத் தேடுவோர் யாரையும் காணார்.

ஈண்டு நமக்குத் துணையாவது ‘பேரன்’ என்னும் சொல். இதன் முதல் வடிவம் ‘பெயரன்’. பாட்டனின் பெயரைக் கொண்டவன் என்பது பொருள். முனுசாமி தன் மகனுக்குத் தன் தந்தை பெயரையே இட்டிருத்தல் கூடும். ஊரிலிருந்த தம்பியும் அவ்வாறே செய்திருத்தல் கூடும். ஒருவரையொருவர் அறியாத இரு பெருமாள்கள் இரு கரையிலும் வளர்ந்திருப்பர். பெருமாள் யாண்டும் பயில்கின்ற பெயராதலின் இஃது ஒன்றே சான்றாகாது. ஆயினும் ஊர்ப்பெயரும் குலதெய்வமும் இதனோடு ஒத்துவரின் சான்று வலுப்பெறும். தமிழ் பேச மறந்த குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் நினைவில் நிற்பதுண்டு. குடும்பங்களை நேரில் அறிந்திருந்த கர்ணம், மணியம் முதலிய பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டமையின், இன்று குலதெய்வக் கோயிலிற் கூடும் பங்காளிகளே தக்க வழிகாட்டிகளாவர்.

இனி, அக்குடும்பத்தை எவ்வாறு அணுகுவது? ஊரிலுள்ளார்க்கு இக்கடிதம் மூன்று அச்சங்களைத் தரக்கூடும். முதலாவது, நிலம். சென்றவனின் பங்கையும் சேர்த்து உழுது வந்த குடும்பத்திற்கு, அவன் கொள்ளுப்பேரன் எழுதும் அன்பு மடலும் பாகம் கேட்கும் ஓலையாகத் தோன்றும். இரண்டாவது, சாதி. எழுத்தர் எழுதியதும் அக்குடும்பம் இன்று கூறுவதும் வேறுபடலாம். அதனை முன்னிறுத்தி உறவு நாடுதல் தகாது. மூன்றாவது, விட்டுச் சென்ற மனைவி. தனியாளாய்ச் சென்று ஆண்டு மணம்புரிந்தவனுக்கு ஊரில் மனைவியும் மகவும் இருந்திருக்கலாம். நேட்டாலில் குடும்பத்தலைவனாகப் போற்றப்படுபவன், ஊரில் ஒரு பெண்ணைக் கைவிட்டவனாக நினைக்கப்படலாம். இரண்டும் உண்மையே.

ஆதலின் கடிதம் தமிழில் இருத்தல் வேண்டும். ஊரார் நன்கு மதிக்கும் ஒருவர் வாயிலாகச் செல்லுதல் நன்று. உறுதியாய் அறிந்தது இது, ஊகித்தது இது எனப் பிரித்துக் கூறுக. எப்பொருளும் வேண்டிலம் என்பதைத் தொடக்கத்திலேயே மொழிக. எல்லாவற்றினும் மேலாக, கேட்பதற்கு முன்னர்க் கொடுத்தல் வேண்டும். பட்டியற் பதிவின் படியை உடன் அனுப்புக. அஃது அவர்தம் பாட்டனுக்கு உடன்பிறந்தானைப் பற்றிய ஆவணமுமாம். கப்பலேறியவன் என்ன ஆனான் என்பதை அவ்வீட்டார் அறியாதிருக்கலாம். இறந்த நாள் அறியப்படாதார்க்கு அமாவாசையிற் படைக்கும் வழக்கு நம் நாட்டில் உண்டு. நேட்டால் ஆவணங்களால் அந்நாள் தெரியவருமாயின், அவனுக்குரிய நாளை அக்குடும்பம் மீண்டும் பெறுகின்றது.

மறுமொழி வாராதொழியினும் அதனையும் ஒரு விடையாக ஏற்றல் வேண்டும். இசைவின்றி அவர் பெயரையும் ஊரையும் வெளியிடுதல் ஆய்வறமன்று. இன்று மரபணுச் சோதனை குருதியுறவைக் காட்டவல்லது. ஆயினும் உறவு கொள்ளும் விருப்பத்தை அஃது உண்டாக்காது. கப்பற் பட்டியலிற் பெயரெழுதப்பட்டோரை நாம் இனி வினவ இயலாது. அவர் கிளைஞரிடமாவது நாம் வினவி, அவர் விடைக்குக் காத்திருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.