பைலட் ஆகிப்போன ஜனதா

 

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாட்ச் படம் அனுப்பினார். ஹெச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், பளிச்சென்று வெள்ளை எண்கள். "1970களின் ராணுவ வாட்ச், அசல், மிக அரிது" என்று போட்டு இணையத்தில் விற்றிருக்கிறார்கள். விலை 4,200 ரூபாய். இவருடைய அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மகனைக் கல்லூரியில் சேர்த்த வருடம் தன் கையில் இருந்த பைலட் வாட்சை விற்றுத்தான் ஃபீஸ் கட்டினார். இப்போது அவருக்கு எழுபது வயது நிறைகிறது. அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கட்டிவிட வேண்டும் என்று மகனுக்கு ஆசை.

"சார், இது ஒரிஜினல்தானா? நீங்க பார்த்துச் சொன்னா அப்பாகிட்ட கொடுக்கிறேன்" என்றார்.

பள்ளியில் நாற்பது வருடம் ஹெச்.எம்.டி. கட்டிய கை இது. அதனால் வந்த வினை! வாட்சைக் கொரியரில் அனுப்பச் சொன்னேன். அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் முதலில் வாட்ச் கட்டியவர்கள் எஸ்டேட் முதலாளிகளும் மிலிட்டரிக்காரர்களும்தான். வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர் லூபா எல்லாம் சுவிஸ் சரக்கு. ஃபாவ்ர் லூபா 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்ட கம்பெனி. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கள்ளக்கடத்தல் வாட்ச் என்று ஒரு தனி வியாபாரமே நடந்தது. அந்தச் சூழலில்தான் பெங்களூரில் ஹெச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-ல் வாட்ச் ஃபேக்டரி தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு வந்த ஜனதா என்ற மாடல் பெயருக்கு ஏற்றபடி ஜனங்களுடைய வாட்ச் ஆனது. தினமும் சாவி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாமனார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதும் ஜனதா, ஓய்வு பெறுகிறவருக்கு ஆபீசில் பிரிவுபசாரம் செய்து கொடுப்பதும் ஜனதா.

எங்கள் அப்பா ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதினார். பச்சைக் காயை உலர்த்த அடுப்பு மூட்டினால் ராத்திரி பகலாகப் பக்கத்திலேயே இருந்து சூட்டைக் கவனிக்க வேண்டும். அதற்கு மணி தெரிய வேண்டும் என்று 1968-ல் ஒரு ஜனதா வாங்கினார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த அன்று அதைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார்.

எனக்கு முதல் போஸ்டிங் மலையில். அங்கே ஆடி மாதம் தொடங்கினால் சாரலும் மூடுபனியும் விடாது. துணி காயாது, சுண்ணாம்புக்கட்டி கூட நமத்துப்போகும். அந்த ஈரம் வாட்சுக்குள் போனால் என்ன ஆகும்? டயலில் முதலில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த மழைக்காலத்தில் அது தேமல் மாதிரி பரவும். 1986-ல் என் டயலில் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. போடியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "கம்பெனி டயல் கிடைக்காது வாத்தியாரே. பம்பாய் டயல்தான் இருக்கு. எழுத்து கொஞ்சம் தடியா இருக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். இன்றைக்கும் அந்த டயல்தான் ஓடுகிறது.

அப்போது டயல் மாற்றுவது யாரையும் ஏமாற்றும் வேலை இல்லை. கெட்டுப்போன டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். எழுத்து செதுக்கிய தகட்டில் மையைத் தடவி, ரப்பர் பந்தில் ஒற்றி எடுத்து டயலில் பதிப்பார்கள். ஓட்டை வாளிக்கு அடிப்பாகம் மாற்றுகிற மாதிரி அதுவும் ஒரு பிழைப்பு. வாட்ச் ஓட வேண்டும், மணி தெரிய வேண்டும்.

நிலைமை மாறியது பிற்பாடு. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனை ஆரம்பித்து ஓசூரில் ஃபேக்டரி வைத்தார்கள். பேட்டரி வாட்ச் வந்ததும் சாவி வாட்ச் பெட்டிக்குள் போனது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனி நஷ்டத்தில் ஓடி, 2016 ஜனவரியில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014-ல் பரவியபோதே ஜனங்கள் ஓடிப்போய் வாங்கினார்கள். அதுவரை யாரும் சீண்டாத வாட்சுக்கு ஒரே நாளில் மவுசு! டயல் மாற்றும் அதே கைவேலை இப்போது வேறு காரியத்துக்குப் பயன்பட ஆரம்பித்தது. ஜனதாவிலும் பைலட்டிலும், நான் பார்த்தவரை, ஓடுவது ஒரே 17 ஜுவல் சாவி மெஷின்தான். ஆகவே மலிவாகக் கிடைக்கும் ஜனதாவுக்கு ஒரு கறுப்பு டயலும் இரண்டு முள்ளும் போட்டால் அது பைலட்! கம்பெனி கனவிலும் நினைக்காத சிவப்பு, பச்சை, ஊதா நிறத்தில் எல்லாம் பைலட் வருகிறது. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குத்தான் அவமானம்.

ஆனால் இது ஏழை நாட்டுத் தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 1957-ஆம் வருடத்து ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஓமேகாவே, தன் மியூசியத்துக்காக. அது பல வாட்சுகளின் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த ஒட்டு வாட்ச் என்று 2023-ல் அந்த நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. செய்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் என் மாணவர் எம்மாத்திரம்!

சரி, கொரியர் வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தது. கம்பெனி அச்சு கத்தியால் வெட்டினது போல இருக்கும். நிமிடப் புள்ளிகள் பன்னிரண்டில் சரியாக இருந்து ஆறுக்கு வரும்போது முள்ளோடு சேரவில்லை. டயல் நேற்று செய்ததுபோல் மின்னுகிறது, கேசின் காதுகளோ தேய்ந்து மொழுக்கென்று இருக்கின்றன. ஐம்பது வருடம் வெயிலும் வியர்வையும் பட்ட வாட்சில் முகம் மட்டும் எப்படி இளமையாக இருக்கும்? இருட்டில் ஒளிரும் பூச்சு பழையதானால் மங்கிப் பழுப்பேறும். இது சுண்ணாம்பு வெள்ளை. நம் ஊர் ஏல வியாபாரி சாயம் ஏற்றின காயைக் கையில் எடுத்ததும் கண்டுபிடிப்பார். அளவுக்கு மீறிய பச்சையே காட்டிக்கொடுத்துவிடும். அதே கதைதான்.

ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறந்தோம். மெஷின் சுத்தமான ஹெச்.எம்.டி. அதில் பொய் இல்லை. மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பின்பக்கம் ஏதோ எழுத்து தெரிந்தது. பாலீஷ் போட்டு அழித்திருக்கிறார்கள், முழுதாக அழியவில்லை. "பணி ஓய்வு" என்பதும் "31-5" என்பதும் படிக்க முடிந்தது. பெயர் போய்விட்டது, வருடமும் போய்விட்டது. மே 31 என்றால் எங்களைப் போல யாரோ ஒரு வாத்தியாராகக்கூட இருக்கலாம். ராணுவ வாட்ச் என்று விற்க அந்தப் பெயர் இடைஞ்சலாக இருந்திருக்கிறது. டயல் மாற்றினதை நான் மன்னித்துவிடுவேன், என் கையிலும் பம்பாய் டயல்தானே இருக்கிறது. அந்த எழுத்தைத் தேய்த்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாணவருக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "தம்பி, இது நல்ல ஜனதா. பைலட் இல்லை. நல்லா ஓடும், ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் பின்னால போகும். விற்றவன் சொன்னதுல மெஷின் ஹெச்.எம்.டி.ங்கிறது மட்டும்தான் உண்மை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாகிட்ட என்னன்னு சொல்லட்டும் சார்?" என்றார்.

"இதைத்தான் சொல்லு. அவர் தோட்டத்துல இருந்தவர், அவருக்குப் புரியும்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பாவே பேசினார். வாட்ச் கட்டியிருக்கிறாராம். கறுப்பு டயல் வேண்டாம், ஜனதாவுக்கு உள்ள வெள்ளை டயல் பழையது எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். பின்மூடியை மட்டும் யாரும் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் என் ஜனதாவின் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தேன்: "வாங்கியது 1968, அப்பா. டயல் மாற்றியது 1986, போடி. முள், மெஷின், கேஸ் பழையது." பேத்தி வந்து எதற்குத் தாத்தா இது என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார வைத்து, டயலில் தடியாக இருக்கும் அந்த எழுத்தை லென்சில் காட்டினேன்.