திருவையாற்றுச் சமாதியும் தியாகப்பிரம மகோத்சவ சபையும்

சைவ உலகிற்குத் திருவையாறு கயிலைக் காட்சி வாய்த்த தலம். வடகயிலையை நாடிச் சென்று உடல் தேய்ந்த திருநாவுக்கரசு நாயனார், இறைவன் பணித்தவாறு ஆங்கோர் பொய்கையில் மூழ்கி, இத்தலத்துத் திருக்குளத்தில் எழுந்து, காணும் பொருளெல்லாம் சத்தியும் சிவமுமாகக் கண்டு பாடினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அத்தலத்துக் காவிரிக் கரையில் வேறொரு வழிபாடும் நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. இசைப் பெரியார் தியாகராஜ சுவாமிகளின் சமாதியில், புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியில் நிகழும் ஆராதனையே அது. அதனை நடத்துவது ஸ்ரீ தியாகப்பிரம மகோத்சவ சபை. இச்சபை உருப்பெற்ற வரலாற்றிலும் அதன் பின்னரும், அச்சமாதியின் முன் பாடுதற்கு உரியவர் யாவர் என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. அவ்வினாவும் அதற்குக் கிடைத்த விடைகளும் சைவ நன்மக்கள் எண்ணிப் பார்த்தற்கு உரியன.

தியாகராஜ சுவாமிகள் 1767ஆம் ஆண்டில் திருவாரூரில் தோன்றியவர். அவர் தாங்கிய பெயரும் ஆரூர்த் தியாகேசப் பெருமானது திருப்பெயரே. இதுபற்றி அவரைச் சைவரெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்தம் வழிபடு கடவுள் இராமபிரானே. எனினும், ஐயாறப்பர்மீதும் அறம் வளர்த்த நாயகிமீதும் அவர் கீர்த்தனங்கள் இயற்றினார். கோவூர்ச் சுந்தரேசர்மீது ஐந்தும், இலால்குடித் தலத்தின்மீது ஐந்தும் பாடினார். திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரியையும் பாடிப் பரவினார். தமிழ்நாட்டிற் பிறந்து தமிழ்நாட்டிலேயே வாழ்ந்த அவர், தம் வீட்டு மொழியாகிய தெலுங்கிலே பெரும்பாலும் பாடினார். சில வடமொழியில் அமைந்தன. அம்மொழி பற்றி இந்நாட்டார் எவரும் அவரை அயலார் எனக் கருதினாரல்லர். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதியில் துறவு பூண்டமையின் அவருடலம் எரியூட்டப்படாமல் சமாதி வைக்கப்பட்டது. அவருக்கு ஆண் மகவு இல்லை. மகள் வயிற்றுப் பேரர் ஒருவர் இருந்து மகப்பேறின்றி மறைந்தார். ஆகவே, சமாதியைப் பேணுதற்குக் குடிவழி என ஒன்று இல்லாதொழிந்தது. மாணவர் பல ஊர்களிற் பரவியிருந்து, தத்தம் இல்லங்களிலேயே ஆசிரியரின் நினைவு நாளைக் கொண்டாடினர். நம் மடங்களில் ஆசிரியர் சமாதிகள் குருபூசையால் விளங்குதற்குக் காரணம், ஆங்கு மாணவர் மரபே உரிமை மரபாக அமைந்திருத்தலாம். திருவையாற்றுச் சமாதிக்கு அவ்வமைப்பு வாய்க்கவில்லை. ஐம்பதாண்டுக்கு மேல் அது கவனிப்பாரின்றிச் சிதைந்தது.

1903ஆம் ஆண்டையொட்டி, சுவாமிகளின் மாணவ மரபினரான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அவ்விடத்தைக் கண்டு திருத்தினர். அதன்பின், தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பியார் பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெருவிழாவாக்க முயன்றனர். நரசிம்ம பாகவதர் சுவாமிகளின் கீர்த்தனங்களைத் தொகுத்து 1908ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் உடன்பிறந்தார் இருவரிடையே வேற்றுமை தோன்றிற்று. தமையனார் பக்கம் பெரிய கட்சி என்றும், தம்பியார் பக்கம் சின்ன கட்சி என்றும் வழங்கலாயின. மலைக்கோட்டைக் கோவிந்தசாமிப் பிள்ளை என்னும் பிடில் வல்லுநர் சின்ன கட்சியில் முதன்மை பெற்று விளங்கினார். ஒரு கட்சி ஆராதனை நாளுக்கு முன்னுள்ள நாட்களிலும், மற்றது அந்நாளின் பின்னும் விழா எடுத்தன. ஒருவர் சமாதிக்கு இருவேறு விழா! பிணக்குகளை விரித்துரைத்தலாற் பயனில்லை. இரு கட்சியாரும் ஒத்து நின்ற கொள்கை ஒன்று உண்டு: பெண்டிர் சமாதியின் முன் பாடலாகாது என்பதே அது.

இந்நிலையில் பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். 1878ஆம் ஆண்டில் நஞ்சன்கூட்டிற் பிறந்த அவர் தேவதாசி மரபினர். இசையிலும் வடமொழி, தெலுங்கு முதலியவற்றிலும் வல்லவர். சென்னையிற் பெரும்பொருளும் புகழும் ஈட்டியவர். முத்துப்பழனி என்னும் தஞ்சை அரசவைப் புலமையாட்டி இயற்றிய தெலுங்கு நூலை 1910ஆம் ஆண்டில் பதிப்பித்து, அரசின் தடைக்கு ஆளானவரும் அவரே. சமாதி பாழ்பட்டுக் கிடத்தலை அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதித் தெரிவித்தார். அது கேட்டு அம்மையார் திருவையாறு வந்து, இடத்தைப் பெற்று, 1921ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டித் தம் பொருள் கொண்டே திருப்பணி தொடங்கினார். சுவாமிகளின் திருவுருவமும் நிறுவப்பெற்று, 1926ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிறைவேறிற்று.

கல் அவர் தந்தது. சுவர் அவர் எடுத்தது. நாள்வழிபாட்டுக்கு முதல் வைத்தவரும் அவர். அங்கே பாடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அம்மையார் வழக்காடிக் காலங்கழிக்கவில்லை. 1927ஆம் ஆண்டு முதல் பெண்டிரைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தே பாடச் செய்தார். இதனால் மூன்றாவது கட்சி ஒன்று தோன்றிற்று. அது பெண்கள் கட்சி எனப்பட்டது.

பெண்டிரை விலக்கியோர் தேவதாசி மரபைக் காரணமாகக் கருதினர் எனின், அவர் ஆரூர்ப் பரவையாரை மறந்தனர் என்க. பரவையார் உருத்திரகணிகையர் குலத்தில் தோன்றியவர் என்று பெரியபுராணம் வெளிப்படக் கூறுகின்றது. நம்பியாரூரர் பொருட்டு இறைவனே அவர் மனைக்கு இருமுறை தூது நடந்தருளினான். பெண்மையே காரணம் எனின், மூவர்க்கும் முன்னே இறைவன்மீது பண்ணமைந்த பதிகம் பாடிய காரைக்காலம்மையார் எங்கே நிற்பார்? இறைவன் அம்மையே என அழைத்த அவரைப் பாடலாகாது என்பார் சைவரில் இல்லை. ஆராதனை நடத்தியோர் சைவ நூல்வழி நின்றாரல்லர் என்பது உண்மையே. ஆனால் அவர் காட்டிய தடைக்கு வேறெந்த நூலும் சான்றாகக் காட்டப்பெறவில்லை. வழக்கம் என்பதே அவர் கண்ட முடிபு.

கோவிந்தசாமிப் பிள்ளை 1931ஆம் ஆண்டில் மறைந்தார். மூன்று கட்சிகளும் தனித்தனியே விழா நடத்துதல் எவர்க்கும் எளிதாயில்லை. முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய இசைவாணரும், ஆட்சிப் பணியிலிருந்த எஸ். ஒய். கிருஷ்ணசாமி அவர்களும் முயன்று மூன்றையும் இணைத்தனர். அவ்வாறு பிறந்ததே தியாகப்பிரம மகோத்சவ சபை. 1941ஆம் ஆண்டு முதல் ஒரே ஆராதனை நடைபெறலாயிற்று, பெண்டிரும் பாடினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் ஆகிய ஐந்தில் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனங்களை எல்லோரும் கூடியிருந்து ஒருங்கே பாடும் வழக்கமும் அக்காலத்தை ஒட்டியே நிலைபெற்றது. ஒருவர் முன், ஒருவர் பின் என்னும் பூசலுக்கு இக்கூட்டுப்பாடல் நல்ல மருந்தாயிற்று.

அவ்வாண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் சில்லறையாய்க் கடைசியில் வைக்கப்படும் இழிவு நீங்கவேண்டும் என்பது அவ்வியக்கத்தார் கருத்து. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. இக்காற்று திருவையாற்றிலும் வீசியது. 1946ஆம் ஆண்டு ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் விநாயகப் பெருமான்மீது தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினார். உடனே சந்நிதி தீட்டுப்பட்டது என்னும் சொல் எழுந்தது. நாடெங்கும் கண்டனம் பிறந்தது, இதழ்களில் எழுதப்பட்டது.

தேசிகர் யார்? சிறுத்தொண்ட நாயனார் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியிற் பிறந்து, தேவாரம் ஓதி வளர்ந்தவர். 1942ஆம் ஆண்டில் நந்தனாராகத் திரைப்படத்தில் நடித்து, வாயிலில் தடுக்கப்பட்ட அடியாரின் பாடலை நாடறியப் பாடியவர்.

இங்கே இரண்டு வாதங்களைப் பிரித்தறிதல் வேண்டும். தியாகராஜர் ஆராதனையில் தியாகராஜர் கீர்த்தனமே பாடப்பெறுக என்பது ஒன்று. அது விழாவின் வரையறை. அதனை ஏற்றலும் மறுத்தலும் சபையின் விருப்பம். அதிற் குற்றம் காண்டற்கு இடமில்லை. தமிழ் பாடினமையால் இடம் தூய்மை கெட்டது என்பது மற்றொன்று. அது வரையறையன்று, கொள்கை. சிவாலயங்களில் பூசையின் முடிவில் ஓதுவார் நின்று திருமுறை விண்ணப்பிக்க, இறைவன் செவிசாய்க்கின்றான் என்பது நம் வழிபாட்டு நெறி. ஐயாறப்பர் திருமுன்னிலையில் மூவர் தமிழும் ஒலித்து வர, சிறிது தொலைவில் ஆற்றங்கரையில் அதே தமிழ் தீட்டாதல் எங்ஙனம்? தெலுங்கிற் பாடியவரை அயலார் எனக் கருதாத நாட்டில், தமிழிற் பாடியவரை விலக்கியது வருந்தத்தக்க செயலே. இதனைச் சபையின் கொள்கையாகச் சாற்றுதலும் முறையன்று. அன்று பேசியவர் சிலர். ஆனால் அச்சொல் நெடுநாள் ஆறாப் புண்ணாயிற்று. தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் அமர்ந்து மாணவர் பலரை உருவாக்கி, 1972ஆம் ஆண்டில் மறைந்தார்.

நாகரத்தினம்மாள் தம் உடைமையைச் சமாதி வழிபாட்டுக்கே வைத்துவிட்டு, இறுதி நாட்களைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அவர் காலமானார். தியாகராஜர் சமாதியை நோக்கியவாறு அவர்க்கும் நினைவிடம் எடுக்கப்பட்டது. ஆராதனை நாளில் பஞ்சரத்தினம் பாட அமரும் கூட்டத்தில் ஆண்களோடு பெண்டிரும் இன்று வரிசை வரிசையாய் இருக்கின்றனர். அம்மையாரின் உருவம் அவர்க்கு அணித்தே உள்ளது.