அம்பாசடருக்குள்ள வந்த இசுசு: பழைய காரும் புது எஞ்சினும்

இன்னைக்கு காஞ்சிபுரம் பக்கம் கூரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கூரத்தாழ்வார் பிறந்த ஊர், பல்லவர் செப்பேடு கிடைச்ச ஊர். காருக்கும் கூரத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்குறீங்களா? இந்தப் பக்கத்துப் பட்டுத் தறியைப் பாருங்க. தறி என்னவோ பழைய குழித்தறிதான். மேல உக்காந்திருக்கிற ஜக்கார்டு பெட்டியோ 1804-ல பிரான்ஸ்ல உருவானது. பெட்டியை மாட்டணும்னா கூரை உயரம் பத்தணும், அந்தக் கனத்தைச் சட்டம் தாங்கணும். பழசுல புதுசைப் பொருத்துறப்போ கேள்வி எப்பவும் இதுதான்: மிச்சமெல்லாம் தாங்குமா?

இப்போ கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-கள்ல கான்டெஸாவைக் கொண்டு வந்தாங்க. நீளமான மூக்கு, அகலமான உடம்பு, பார்க்க அசல் ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு 1970-கள்ல வந்த வாக்ஸால் விக்டரோடது. உள்ள இருந்ததோ நம்ம அம்பாசடரோட 1.5 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். அந்த உடம்பை இழுக்க அது திணறுச்சு. அப்புறம்தான் ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. கான்டெஸா ஓடத் தொடங்குச்சு.

கதை அங்க முடியல. 1990-களோட தொடக்கத்துல அதே இசுசு எஞ்சின் அம்பாசடருக்குள்ளயும் போச்சு. 1950-கள்ல வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு உடம்புக்குள்ள ஜப்பான் எஞ்சின்! முக்கியமான விஷயம், எஞ்சினை மட்டும் மாத்தல. ஸ்டீயரிங் பக்கத்துல இருந்த நாலு கியர் போய், தரையில அஞ்சு கியர் வந்தது. கம்பெனியே செய்யும்போதும் எஞ்சின் தனியா வர முடியாது.

டர்போன்னா இது இன்னும் சிக்கல். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல காப்புரிமை வாங்கின யோசனை அது. வெளிய போற புகையே ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும், சக்தி கூடும். கூடவே சூடும் அழுத்தமும் கூடும். 1962-ல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்ல எஞ்சின் 'நாக்' அடிக்காம இருக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஊத்தணும். நிறைய பேர் ஊத்த மறந்தாங்க. ரெண்டே வருஷத்துல அந்தக் கார் நின்னுபோச்சு. போர்ஷே 911 டர்போ 1975-ல வந்தது. 917 பந்தயக் காரோட பிரேக்கை அடிப்படையா வச்ச பிரேக் 1978-லதான் வந்தது. வேகம் முதல்ல, நிறுத்துற வசதி மூணு வருஷம் கழிச்சு.

அதனால புது ஸ்போர்ட்ஸ் காரோட டர்போவைப் பழைய காருக்கு மாட்டலாமான்னு கேட்டா, டர்போ விலையை மட்டும் கணக்குப் போடாதீங்க. பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், கிளட்ச், பிரேக், டயர், எல்லாம் அந்தக் கணக்குல வரணும். ஒண்ணு பலவீனமா இருந்தாலும் உடையப்போறது அதுதான். அது பிரேக்கா இருந்தா ரோட்டுல நடந்து போறவங்க உயிரும் சேர்ந்து போகும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவை 2000-ல திருத்தி இறுக்கினாங்க. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எஞ்சின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்கணும். வேகம் வேணும்னா இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கு. காஞ்சிபுரம் போற வழியிலதான்.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல நின்னது. இன்னும் ஓடுற இசுசு அம்பாசடர் எங்கயாவது கண்ணுல பட்டா, பானட்டை மட்டும் பார்க்காதீங்க. கியர் கம்பி எங்க இருக்குன்னும் பாருங்க.