ஹெபடைடிஸ் சி: 50 லட்சத்திலிருந்து இலவசம் வரை

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். ஆனால் காமாலையே காட்டாமல் 20, 30 வருடம் உடம்பில் தங்கி, கல்லீரலைச் சுருங்க வைக்கும் கிருமி ஒன்று உண்டு. அதுதான் ஹெபடைடிஸ் சி. அதற்கு மருந்து வந்த கதையில் மருத்துவத்தோடு பணக் கணக்கும் கலந்திருக்கிறது.

1970-களில், ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. சோதித்தால் ‘ஏ’ வைரஸும் இல்லை, ‘பி’ வைரஸும் இல்லை. பெயர் தெரியாத இந்த நோய்க்கு அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குப் பலன் தெரிந்ததாக 1986-இல் அறிவித்தார்கள். கிருமி இன்னதென்று தெரிந்ததோ 1989-இல்தான்.

வாரம் மூன்று ஊசி, அதுவும் மாதக்கணக்கில். கூடவே காய்ச்சல், மனச்சோர்வு, முடி உதிர்தல். 1998-இல் ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்ந்தது. பிறகு வாரம் ஒரு ஊசி போதும் என்றானது. அப்படியும் குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். நோய் முற்றிக் கல்லீரல் செயலிழந்தவர்களுக்கோ அந்த ஊசியைத் தாங்கும் சக்தியே இல்லை. யாருக்கு மருந்து அவசரமோ, அவர்களுக்கே கொடுக்க முடியாத நிலை.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸ் பெருகுவதையே இது தடுக்கிறது. விரைவில் துணை மாத்திரைகளும் வர, ஊசி தேவையில்லாமல் போனது. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமானார்கள். நோய் முற்றியவர்களுக்கும் வழி பிறந்தது.

ஆனால் விலை? அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர். 84 நாளுக்கு 84,000 டாலர். அன்றைய மதிப்பில் 50 லட்ச ரூபாய்க்கு மேல். வங்கியில் நான் பார்த்த வீட்டுக் கடன் மனுக்களிலேயே அவ்வளவு பெரிய தொகை அபூர்வம்.

2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு இதைத் தயாரிக்க உரிமம் கிடைத்தது. 2015-இல் இங்கே ஒரு மாத மாத்திரை 20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நம் ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். அவர்கள் டாக்டரிடம் சொல்லி ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மருந்துக்கு இன்று பணம் தடையில்லை. நோய் இருப்பது தெரியாமல் இருப்பதுதான் தடை.